இடிக்காமல் கண்டுபிடிப்பது எப்படி? சுவருக்குள் ஒளிந்த பூஞ்சணத்தின் கதை



மழைக்காலம் முடிந்ததும் எனக்கு வரும் போன்களில் இந்த வருடம் பாதி சுவரைப் பற்றியவை. "சார், ரூமுக்குள்ள போனாலே ஒரு வாடை அடிக்குது. சுவரைப் பார்த்தா ஒண்ணுமே தெரியல. கொத்தனார் பாத்ரூம் டைல்ஸ் முழுக்க உடைச்சாத்தான் தெரியும்னு சொல்றார். ஹவுஸ் ஓனரைக் கேட்டா, நீங்க வீட்டுக்குள்ள துணி காயப்போடுறதாலதான் இப்படின்றார்." மூன்று ஊரிலிருந்து மூன்று பேர், ஏறக்குறைய இதே வார்த்தைகள். அதில் ஒரு வீட்டில் நான்கு வயதுக் குழந்தைக்கு இரவானால் இளைப்பு.

இரண்டு நிமிடத்தில் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உடைக்காமல் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வது எப்படி என்ற கேள்விக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. யார் பேச்சை யார் நம்பினார்கள் என்ற கதையும் அதற்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். நீளமான பதிவுதான், ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வீட்டுச் சோதனை முறைகளில் ஒன்று விவிலியத்தில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம், 14-ஆம் அதிகாரம். தோலில் வரும் நோயைச் சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று வீட்டுக்கு வரும் நோய்க்குத் தாவுகிறது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ பள்ளம் பள்ளமாகத் தெரிந்தால் வீட்டுக்காரர் ஆசாரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆசாரியர் வருவதற்கு முன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அவர் பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டுவார். ஏழு நாள் கழித்துத் திறந்து பார்ப்பார். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்து ஊருக்கு வெளியே போட்டு, உட்பக்கக் காரையைச் சுரண்டிவிட்டு, வேறு கல்லும் வேறு சாந்தும் வைத்துப் பூச வேண்டும். அதற்குப் பிறகும் கறை திரும்பி வந்தால்தான் வீட்டை இடிப்பது. இது பூஞ்சணமாக இருக்கலாம் என்று பலரும் கருதுகிறார்கள்.

எவ்வளவு பொறுமையான முறை பாருங்கள். முதலில் பார்வை, அப்புறம் காத்திருப்பு, அப்புறம் கொஞ்சம் மட்டும் பெயர்ப்பது, கடைசியில்தான் கடப்பாரை. நம் கொத்தனார் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்.

பின்னாளில் யூத அறிஞர்கள் தொகுத்த மிஷ்னாவில் இதற்கு ஒரு நுணுக்கம் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் "என் வீட்டில் நோய் இருக்கிறது" என்று சொல்லக் கூடாது. "நோய் போல ஏதோ தெரிகிறது" என்றுதான் சொல்ல வேண்டும். தீர்மானிப்பது பார்க்க வருகிறவருடைய வேலை. ஆனால் முதலில் சொல்லும் உரிமை அங்கே குடியிருப்பவருக்கு இருக்கிறது, வந்து பார்க்க வேண்டிய கடமை ஆசாரியருக்கு இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் ஓதம் ஏறும் சுவரைப் பற்றி எழுதியிருக்கிறார். தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை மணலுக்குப் பதில் செங்கல் தூள் கலந்து பூசு என்கிறார். நம் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்தது இதே அறிவுதான். அதற்கும் அடங்காவிட்டால் உள்பக்கம் இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி, நடுவில் காற்றுப் போக வழி விடச் சொல்கிறார். இது தடுப்பு முறை. கண்டுபிடிக்கும் முறைக்கு 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்து ஐரோப்பிய வீடுகளில் சுவருக்கு வண்ணக் காகிதம் ஒட்டுவது வழக்கம். பச்சை நிறத்துக்கு ஏக மவுசு. 1775-இல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர் கண்டுபிடித்த பச்சைச் சாயமும், அதற்குப் பின் வந்த ஷ்வைன்ஃபர்ட் பச்சையும் பார்க்க மரகதம் போல இருக்கும். இரண்டிலும் இருந்தது ஆர்சனிக். காகிதத்தை ஒட்டப் பயன்பட்டது மாவுப் பசை. மாவுப் பசை, காகிதம், கூடவே சுவரின் ஈரம். பூஞ்சணத்துக்கு இதைவிட விருந்து ஏது? அதுவும் காகிதத்துக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில்.

1837-இல் பிராக் நகரத்து வீடு ஒன்றின் சுவர்க் காகிதத்திலிருந்து கோர்டா என்ற செக் நாட்டு அறிஞர் ஒரு கரிய பூஞ்சணத்தை எடுத்து விவரித்து, ஸ்டாக்கிபாட்ரிஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் கதிர், திராட்சைக் குலை என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் காம்பின் நுனியில் கொத்துக் கொத்தாக இருக்கும். 160 வருடம் கழித்து அமெரிக்கா முழுவதையும் இந்தப் பெயர் பயமுறுத்தப் போகிறது.

இரண்டு வருடம் கழித்து, 1839-இல், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் லியோபோல்ட் க்மெலின் ஒரு செய்தித்தாளில் எச்சரிக்கை எழுதினார். பச்சைக் காகிதம் ஒட்டிய அறைகளில் கொஞ்சம் ஈரம் இருந்தால் எலி வாடை போல ஒரு வாடை வருகிறது. அந்தக் காகிதத்தைக் கிழித்தெறியுங்கள், இனிமேல் அந்தச் சாயத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்பது அதன் சாரம். அவரிடம் ஈரம் அளக்கும் கருவி இருந்ததா? சுவருக்குள் பார்க்கும் கேமரா இருந்ததா? மூக்குதான் இருந்தது. காகிதம் ஒட்டியபடியே இருக்க, அதன் பின்னால் ஏதோ நடக்கிறது என்று வாடையை வைத்துச் சொன்னார்.

நம்பினார்களா? சாயமும் காகிதமும் நல்ல வியாபாரம். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பச்சைக் காகிதம் விற்றுக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னவர்களுக்கு வேறு வேறு காரணங்கள் சொல்லப்பட்டன.

1890-களின் தொடக்கத்தில் ரோம் நகரில் பார்த்தோலோமியோ கோசியோ இதைச் சோதித்தார். உருளைக்கிழங்கு மசியலில் ஆர்சனிக்கைக் கலந்து திறந்து வைத்தார். பூஞ்சணம் வளர்ந்தது. கூடவே பூண்டு வாடையுடன் ஒரு வாயு வெளிவந்தது. பூஞ்சணம் ஆர்சனிக்கை வாயுவாக மாற்றி அறைக்குள் விடுகிறது என்று நிறுவினார். கோசியோ வாயு என்றே அதற்குப் பெயர் வந்தது. 1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரெடரிக் சேலஞ்சர் அது டிரைமெத்தில் ஆர்சின் என்று உறுதி செய்தார். பழைய கதைகளில் சொல்லப்பட்ட அளவுக்கு அந்த வாயு கொடியதா என்று இக்கால ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் க்மெலினின் மூக்கு சொன்ன அடிப்படைச் செய்தி, காகிதத்துக்குப் பின்னால் உயிருள்ள ஏதோ வேலை செய்கிறது என்பது, சரியாகத்தான் இருந்தது.

கோசியோவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தலைப்புக்கு வெளியே என்றாலும். கெட்டுப்போன மக்காச்சோளத்தில் வளர்ந்த பூஞ்சணத்திலிருந்து 1893-இல் மைக்கோஃபீனாலிக் அமிலம் என்ற பொருளைப் பிரித்தெடுத்தவரும் இவர்தான். அது ஆந்த்ராக்ஸ் கிருமியைத் தடுத்தது. பென்சிலினுக்கு 30 வருடத்துக்கும் மேல் முந்தியது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இன்று சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று அதன் வழிவந்தது.

அதே காலத்து ஜெர்மனியில் வேறொரு வழக்கமும் இருந்தது. பெர்லினில் புதிய அடுக்கு வீடுகள் வேகவேகமாக எழுந்தன. சுண்ணாம்புப் பூச்சு காய மாதக்கணக்காகும். அதுவரை வசதியுள்ளவர்கள் குடிவர மாட்டார்கள். அதனால் ஏழைக் குடும்பங்களைக் குறைந்த வாடகைக்கு உள்ளே விட்டார்கள். அவர்கள் அடுப்பெரித்து, மூச்சுவிட்டு, சுவரைக் காயவைப்பார்கள். மூச்சிலிருக்கும் கரியமில வாயு பட்டுச் சுண்ணாம்பு இறுகும். இறுகும்போது தண்ணீரை வெளிவிடும். சுவர் காய்ந்ததும் அடுத்த ஈர வீட்டுக்கு மாற வேண்டியதுதான். "காயவைத்துக் குடியிருப்பவர்கள்" என்று பொருள்படும் ஒரு சொல்லே ஜெர்மன் மொழியில் உண்டு. ஈரச் சுவர் உடம்புக்கு ஆகாது என்று வீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது கொஞ்சம் நம் நாட்டுப் பக்கம். இணையத்தில் ஒரு சோதனைத் தட்டு விற்கிறார்கள். மூடியைத் திறந்து அறையில் வைத்து, பிறகு மூடி, சில நாள் கழித்துப் பூஞ்சணம் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். வளரும். எந்த வீட்டில் வைத்தாலும் வளரும். 1870-களிலேயே டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் கல்கத்தாச் சிறைச்சாலைகளில் காற்றை நாள்தோறும் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்து, 1873-இல் புத்தகமாகவே வெளியிட்டார். காற்றில் பூஞ்சண வித்துகள் எப்போதும் இருந்தன. அவற்றின் எண்ணிக்கைக்கும் அங்கே பரவிய காய்ச்சலுக்கும் தொடர்பு எதையும் அவரால் காண முடியவில்லை. தட்டில் பூஞ்சணம் வளர்ந்தால் உங்கள் வீட்டில் காற்று இருக்கிறது என்றுதான் பொருள். காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

கருவிகளுக்கு வருவோம். சுவரை உடைக்காமல் பார்க்கும் கருவிகள் எதுவும் பூஞ்சணத்தைக் கண்டுபிடிப்பதில்லை; அவை தேடுவது தண்ணீரை. தண்ணீர் எங்கே தங்குகிறதோ அங்கே பூஞ்சணத்தைத் தேடு என்பதுதான் கணக்கு.

1783-இல் சுவிட்சர்லாந்தின் சோசூர், ஈரம் பட்டால் தலைமுடி நீளும் என்பதை வைத்துக் காற்றின் ஈரம் அளக்கும் கருவி செய்தார். 1820-இல் இங்கிலாந்தின் டேனியல், காற்றிலிருக்கும் நீராவி எந்த வெப்பநிலையில் பனித்துளியாகிறது என்று அளக்கும் கருவி செய்தார். ஏழாம் வகுப்பில் ஐஸ் போட்ட டம்ளரின் வெளியே வியர்த்ததைக் காட்டினேனே, அதேதான். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவுக்குப் பின்னால் மட்டும் ஏன் கருப்புப் புள்ளி வருகிறது என்பதற்கும் விடை அதுதான். சுவர் குளிர்ந்திருக்கிறது, காற்று ஓடவில்லை, நீராவி அங்கே படிகிறது. பைப்பில் ஒரு குறையும் இருக்காது.

1927-இல் அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள அரசு மர ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரட் ஸ்டாம், மரத்தின் ஈரம் கூடக் கூட மின்சாரத்துக்கு அது காட்டும் தடை குறைவதை அளந்து எழுதினார். இரண்டு ஊசியைச் சுவரில் வைத்ததும் எண் காட்டும் சின்ன ஈரமானி அந்த அறிவின் வாரிசு. மரத்துக்கு அது நம்பகமானது. நம் ஊர்ச் சிமெண்ட் சுவரில் கவனம் தேவை. உப்புப் பூத்த சுவரில் உப்பே மின்சாரத்தைக் கடத்திவிடும். காய்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டும். ஒரே எண்ணை நம்பாமல், நல்ல இடம், சந்தேக இடம் என்று பத்து இடத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

வெப்பக் கேமராவின் மூலம் 1800-இல் இருக்கிறது. வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்தபோது, சிவப்புக்கு வெளியே, ஒளியே தெரியாத இடத்தில் வெப்பம் அதிகம் ஏறியது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரைப் படமாக்கும் கேமராவை 1965-இல் சுவீடனின் ஆகா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் மின்கம்பிகளைப் பார்க்கத்தான். 1973 எண்ணெய் நெருக்கடியில் வீட்டு வெப்பம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஈரச் சுவரும் அதில் தெரிந்தது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரச் சுவரும் அப்படியே குளிர்ந்து, கேமராவில் கறுத்த திட்டாகத் தெரியும். ஆனால் ஏசி காற்று படும் இடமும் அப்படித்தான் தெரியும். கேமரா சந்தேகத்தைத்தான் காட்டும். ஈரமானி வைத்து உறுதி செய்ய வேண்டும்.

எல்லாம் பார்த்தும் உள்ளே எட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், விரல் பருமனுக்கும் குறைவான துளை போதும். சில நேரம் சுவிட்ச் பலகையைக் கழற்றினாலே வழி கிடைக்கும். கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் லண்டனில் நிரூபித்த இருவரில் ஒருவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இன்னொருவர் அவருடைய பேராசிரியர் ஹாப்கின்ஸ். வயிற்றுக்குள் விடும் எண்டோஸ்கோப்பும் சுவருக்குள் விடும் குழாய்க் கேமராவும் ஒரே குடும்பம்.

ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பிரிட்டனிலும் இந்த வேலைக்கு நாய்களையும் பழக்கினார்கள். மறுபடி மூக்குதான்.

இவ்வளவு கருவியும் வந்த பிறகுதான் பெரிய பயம் வந்தது. 1993-94-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில், ஒரே பகுதியைச் சேர்ந்த 10 கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு வந்தது. அவர்கள் வீடுகள் தண்ணீரால் பாழானவை. பிராக் சுவர்க் காகிதத்தில் கண்ட அதே ஸ்டாக்கிபாட்ரிஸ் மேல் பழி விழுந்தது. "நச்சுப் பூஞ்சணம்" என்று தொலைக்காட்சிகள் அலறின. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையமே ஆய்வை மறுபடி பரிசீலித்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. பயம் அதற்குள் ஓடிவிட்டிருந்தது. 2001-இல் டெக்சாஸில் ஒரு பூஞ்சண வழக்கில் காப்பீட்டு நிறுவனம் சுமார் 3.2 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் பெரும்பகுதி குறைக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு காற்றைப் பிடித்து வித்து எண்ணும் வியாபாரம் தழைத்தது.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதைப் பற்றி வழிகாட்டி வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமா, இருமல், மூச்சுத் தொந்தரவு அதிகம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் காற்றில் இத்தனை வித்து வரை பாதுகாப்பு என்று எண் எதையும் தரவில்லை, தரவும் முடியாது என்றது. எண்ணிக்கொண்டிருக்காமல் ஈரத்தைத் தடுங்கள், வந்தால் சரிசெய்யுங்கள் என்பதே அதன் நிலை. எனக்கு இதைப் படித்ததும் கன்னிங்ஹாம் நினைவுதான் வந்தது.

கடைசியாக ஒரு வீடு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சூடான் நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், வாடகைக் குடியிருப்பு. 2017-இலேயே தகப்பனார் பூஞ்சணம் இருக்கிறது என்று புகார் செய்தார். பெயிண்ட் அடித்து மறையுங்கள் என்று சொன்னார்கள். குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்றும் பேசப்பட்டது. 2020 டிசம்பரில் அவர்கள் மகன் அவாப் இஷாக், இரண்டு வயது முடிந்து எட்டாவது நாள் இறந்தான். வீட்டிலிருந்த பூஞ்சணத்தில் நீண்ட நாள் வாழ்ந்ததால் வந்த மூச்சு நோய்தான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

அந்த வீட்டில் பூஞ்சணம் ஒளிந்திருக்கவே இல்லை. கண்ணெதிரே இருந்தது. ஊசி வைத்து அளக்கவோ கேமரா பிடிக்கவோ தேவைப்படவில்லை. குடியிருந்தவர் சொன்னதைக் கேட்டிருந்தால் போதும்.

அந்த நாட்டு வீட்டுக் குறைதீர்ப்பு அதிகாரி 2021-இலேயே, இதை வாழ்க்கை முறை என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள் என்று தலைப்பிட்டே அறிக்கை வெளியிட்டிருந்தார். பையன் பெயரால் வந்த சட்டத்தின் முதல் கட்டம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சமூகக் குடியிருப்புகளில் ஈரம், பூஞ்சணம் பற்றிப் புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்த்தாக வேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரம். லேவியராகமத்து ஆசாரியருக்கு இருந்த கடமை மறுபடி எழுதப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் சான்றை நீங்களே சேர்க்க வேண்டும். பெரிய செலவில்லாத வழிகள் இவை.

ஒரு பகல் முழுக்க அறையைப் பூட்டிவிட்டு வெளியே போய்விட்டு வாருங்கள். திறந்ததும் முதல் மூச்சில் வாடை தெரிகிறதா? உள்ளேயே இருப்பவருக்கு மூக்குப் பழகிவிடும். வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் கேட்பதும் நல்லது. சுவரில் ஈரத் திட்டு இருந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டுப் போட்டோ எடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கமுள்ள பாத்ரூமை ஏழு நாள் பயன்படுத்தாமல் இருந்து பாருங்கள். திட்டு சுருங்கினால் தண்ணீர் பாத்ரூமிலிருந்துதான் வருகிறது. பிறகு தரை ஜாலியில் மட்டும் தண்ணீர் விட்டு, அப்புறம் குழாயை மட்டும் திறந்து என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். உடைத்தாலும் நான்கு டைல்ஸோடு முடியும். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் பைப்பில் எங்கோ கசிவு.

ஓனர் துணி காயப்போடுவதைத்தான் சொல்கிறார் என்றால், ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றிலிருந்து. யார் சொல்வது சரி என்று இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம். அதையும் போட்டோ எடுத்துத் தேதியோடு அவருக்கு அனுப்பிவையுங்கள்.

இளைப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பூஞ்சணத்தைக் காய்ந்தபடியே சுரண்டவோ துடைப்பத்தால் தட்டவோ வேண்டாம், வித்து வீடு முழுக்கப் பறக்கும். டாக்டரிடம் போகும்போது வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செய்து பார்த்தவர்கள் என்ன தெரிந்தது என்று கீழே எழுதுங்கள். படம் இருந்தால் அதையும் போடுங்கள்.